குடிவந்த ஃபிளாஷார்

1995-ல் நெட்ஸ்கேப் என்றொரு பிரவுசர் இருந்தது. அன்றைய இணையத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. சாம்பல் நிறப் பின்னணி, அதில் எழுத்து, நீலத்தில் அடிக்கோடு. கொஞ்சம் வசதியான இடமென்றால் ஒரு படம். வீடு இப்படி வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று வீட்டுக்காரர் பக்கவாட்டுச் சுவரை இடித்து ஒரு வாசல் வைத்தார். வெளியாள் யாராவது வந்து பாட்டுப் பாடட்டும், படம் காட்டட்டும் என்பது ஏற்பாடு. அந்த வாசலுக்குப் பெயர் பிளக்இன். உள்ளே வருகிறவனுக்குக் கூடத்தோடு சமையலறை, பீரோ, பூஜை அறை எல்லாமே திறந்துதான் இருந்தன. நீங்கள் திறக்கக்கூடிய எந்தக் கோப்பையும் அவனும் திறக்கலாம். நல்ல மனிதர்கள் மட்டுமே இணையத்துக்கு வருவார்கள் என்று நம்பிய காலம் அது.

அடுத்த வருடமே ஒருவர் குடிவந்தார். பூர்வாசிரமப் பெயர் ஃபியூச்சர்ஸ்பிளாஷ். பேனாவால் திரையில் எழுதும் கணினிகளுக்காக ஜோனதன் கே என்பவரும் கூட்டாளிகளும் ஒரு வரைகலை மென்பொருள் செய்தார்கள். பேனாக் கணினி விலைபோகவில்லை. சித்திரக்காரர் பிழைப்புக்காகக் கூத்துக்காரராக மாறினார். 1996 கடைசியில் மேக்ரோமீடியா அவரைத் தத்தெடுத்து ஃபிளாஷ் என்று நாமகரணம் செய்தது. 2005-ல் அந்த மேக்ரோமீடியாவையே அடோபி சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கியது.

கூத்து நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. யூடியூப் தவழ்ந்ததே ஃபிளாஷார் மடியில்தான். ஃபார்ம்வில்லில் இல்லாத வயலில் விளையாத பயிரை அறுக்க, படித்த ஜனங்கள் அலாரம் வைத்து எழுந்தார்கள். சொந்த ஊரில் நிஜ வயலைக் குத்தகைக்கு விட்டவர்கள்கூட.

ஆனால் ஃபிளாஷாருக்கு ஒரு சுபாவம். முன்பின் தெரியாதவன் கொடுக்கும் சீட்டையும் வாங்கிச் சத்தமாகப் படித்துவிடுவார். சீட்டைக் கொஞ்சம் கோணலாக எழுதிக் கொடுத்தால் குழம்பிப்போய், வீட்டுச் சாவியையே எடுத்து நீட்டுவார். இதற்காகத் திருட்டு வெப்சைட்டுக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. கௌரவமான செய்தித் தளத்தின் ஓரத்தில் ஓடும் விளம்பரமே போதும், கிளிக் கூடச் செய்யவேண்டாம். அடோபி ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கிழிந்துகொண்டே இருந்தது. வாரமொரு முறை 'அப்டேட் செய்யவா?' என்று பெட்டி வரும். எங்கள் சித்தப்பா அதைப் பார்த்ததும் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்துவார். நாலு வருடம் அழுத்தினார். பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த ஜாவா என்ற இன்னொரு பிளக்இன்னோ, அப்டேட் போடப்போனால் ஆஸ்க் டூல்பார் என்ற மச்சானையும் கூட்டிவந்து கூடத்தில் உட்காரவைப்பார். 2012-ல் அந்த ஜாவாவிலிருந்த ஓர் ஓட்டை வழியாக ஆறு லட்சம் மேக் கணினிகளுக்குள் ஃபிளாஷ்பேக் என்ற கிருமி புகுந்தது. மேக்குக்கு வைரஸே வராது என்று மார்தட்டியவர்கள் கொஞ்ச நாள் பேச்சைக் குறைத்தார்கள்.

ஃபிளாஷாரின் உச்சக்கட்ட லீலை 2011 மார்ச்சில் வெளிவந்தது. இடம் ஆர்எஸ்ஏ. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற கம்பெனி. பெரிய பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த, நிமிஷத்துக்கு ஒரு எண் காட்டும் வில்லை இவர்கள் செய்ததுதான். அங்கே சிலருக்கு '2011 ஆள்சேர்ப்புத் திட்டம்' என்று ஒரு மெயில் வந்தது. மெயில் பெட்டி, பாவம், விவரம் தெரிந்தது. குப்பைக் கூடையில் போட்டுவிட்டது. ஆனால் ஓர் ஊழியர் குப்பையைக் கிளறி அதை எடுத்தார். யாரை எடுக்கிறார்கள், யாரைத் தூக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாருக்கு இல்லை? எக்செல் கோப்பு திறந்தது. உள்ளே திட்டமும் இல்லை, பட்டியலும் இல்லை. கட்டத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி மட்டும். அதுதான் நம்மவர். பிரவுசரில் குடியிருந்தது போதாதென்று எக்செல் வீட்டுப் பரணிலும் பாய் விரித்திருந்தார். சாவி கைமாறியது, பூட்டுக்கடையே கொள்ளைபோனது.

அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, ஐபோன் வாசலில் ஃபிளாஷார் செருப்பைக் கழற்றக்கூட அனுமதியில்லை என்று சொல்லியிருந்தார். அவருக்குத் தன் கடை வியாபாரக் கணக்கும் உண்டு என்றாலும், சொன்னது தப்பில்லை. 2015 ஜூலையில் இன்னொரு கூத்து. அரசாங்கங்களுக்கு உளவு மென்பொருள் விற்றுவந்த இத்தாலியக் கம்பெனி ஹேக்கிங் டீம். அவர்கள் வீட்டிலேயே திருடன் புகுந்து 400 ஜிபி சரக்கைத் தெருவில் கொட்டினான். கிளறிப் பார்த்தால், அடோபிக்கே தெரியாத ஃபிளாஷ் ஓட்டைகள்! பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறார்கள், ஊறுகாய் மாதிரி. ஃபேஸ்புக்கின் பாதுகாப்புத் தலைவர் அலெக்ஸ் ஸ்டேமோஸ், இவர் சாகும் தேதியை அறிவியுங்கள் என்று அடோபியிடம் பொதுவில் கேட்டார். பெரியவர் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே!

2017 ஜூலையில் தேதி குறித்தார்கள்: 2020 டிசம்பர் 31. பீஷ்மரைப்போல நாள் சொல்லிவைத்துச் சாகும் பாக்கியம் எந்த மென்பொருளுக்குக் கிடைக்கும்? அம்புப் படுக்கையில் மூன்றரை வருடம் கிடந்தார். கணக்கில் ஒரு சின்னப் பிசகு. 2021 ஜனவரி 12-ம் தேதி, தனக்குள்ளேயே வைத்திருந்த கட்டளைப்படி ஆட்டம் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். பொங்கலுக்கு இரண்டே நாள். உத்தராயணம் வரை பொறுத்திருக்கலாம்.

ஊர் அழவில்லை. யூடியூப் 2015-லேயே எச்டிஎம்எல்5-க்கு ஜாகை மாறியிருந்தது. பிரவுசரே பாடவும் ஆடவும் கற்றுக்கொண்டுவிட்டது. பலருக்குச் சாவு விழுந்ததே தெரியாது.

இரண்டு ஆபீஸ்களுக்குத் தெரிந்தது. சீனாவின் தாலியன் ரயில்வே பிரிவில் ஊழியர்களின் திரை அன்று காலை வெறுமையாக நின்றது. மூன்றரை வருட நோட்டீஸை யாரும் படிக்கவில்லைபோலும். சுமார் இருபது மணிநேரம் மல்லாடிப் பழைய ஃபிளாஷையே தேடிப்பிடித்து எழுப்பி உட்காரவைத்தார்கள். அதை ஒரு போர்க்களப் பரணியாக எழுதி, பெருமையாக ஊருக்கும் அறிவித்தார்கள்.

தென்னாப்பிரிக்க வருமான வரித்துறை இன்னும் ஒரு படி மேல். அவர்களுடைய சில படிவங்கள் ஃபிளாஷில் மாட்டிக்கொண்டிருந்தன. படிவத்தை மாற்றுவதா, ஃபிளாஷாரை எழுப்புவதா? அதே ஜனவரியில், ஃபிளாஷார் உயிரோடு உலவும் ஒரு தனிப் பிரவுசரையே வெளியிட்டார்கள். விண்டோஸில் மட்டும் ஓடியது. அவர்கள் தளத்தைத் தவிர வேறெதையும் திறக்கவில்லை. உத்தராயணம் பிறந்தும்கூடப் பெரியவர் தெற்கே ஓர் ஆபீஸில் உட்கார்ந்து வரிப் படிவம் வாங்கிக்கொண்டிருந்தார்.