களவுக்கொடி: வளர்ப்பும் பராமரிப்பும்

மணி பிளான்ட் வளர்ப்பு குறித்த எந்த ஆய்வும் செடி கைக்கு வரும் முறையிலிருந்தே தொடங்கவேண்டும். ஏனெனில் நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய கொடி காசு சேர்க்காது என்பதும், பிறர் வாசலில் அவர் அறியாமல் கிள்ளி வந்ததே சேர்க்கும் என்பதும் இல்லறத்தார் அனைவரும் ஏற்ற கோட்பாடாகும். கேட்டு வாங்குவது இத்துறையில் ஒழுக்கக்கேடு.

பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, பூப்பதைத் தூண்டும் இயக்குநீரான ஜிப்பரெல்லினைப் போதிய அளவு சுரப்பதில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று நிறுவியது. பூ அரிதாகையால் விதைக்கு வழியில்லை, தண்டை வெட்டி வைத்தே பெருக்கவேண்டும். இதனால் பெறப்படுவது யாதெனில், முதல் மாடியின் கொடி இரண்டாம் மாடியில் களவாடப்பட்டது. இரண்டாம் மாடியினது எதிர்வீட்டில். எதிர்வீட்டினது அவர்தம் சம்பந்தி வீட்டில். அந்தச் சம்பந்தியோ பெண் பார்க்க வந்த அன்றே, சொஜ்ஜி வாயில் இருக்கும்போதே, முதல் மாடியில் கிள்ளியவர். ஆகத் தெரு முழுவதும் ஒரே செடியே சுற்றிவருகிறது. திருடியவரும் பறிகொடுத்தவரும் ஒருவரே. செல்வம் மட்டும் எவருடைய வருமானவரிக் கணக்கிலும் ஏறியதாகத் தெரியவில்லை. களவின் நுட்பமும் கருதத்தக்கது: விடைபெறும் விருந்தினர் செருப்பு மாட்டக் குனிகையில் இடக்கை சுவரைப் பற்றியிருக்கும், வாய் மாமியாரின் மூட்டுவலியை விசாரித்துக்கொண்டிருக்கும், வலக்கை செருப்பு வாரில் இராமல் தொட்டியில் இருக்கும்.

இத்தகைய தேர்ச்சி இன்று அருகிவிட்டது. கட்டுரையாளரின் வாசல் தொட்டியில் சென்ற ஞாயிறன்று, மஞ்சள் வரியோடிய புத்திலை ஒன்று காம்போடு பிய்க்கப்பட்டிருந்தது. கணுவோ, அதாவது காம்பு தண்டோடு சேருமிடத்தில் பழுப்பு நிறக் காற்றுவேர் முளை துருத்திக்கொண்டிருக்கும் புடைப்போ, தீண்டப்படவே இல்லை. கணுவிலுள்ள மொட்டிலிருந்தே புதுத் தளிர் எழும் என்பதால், வெறும் இலை நீரில் எத்தனை நாள் பச்சையாக இருந்தாலும் கொடியாவதில்லை. களவு செய்யலாம், கல்லாமல் செய்வதைத்தான் பொறுக்க இயலவில்லை.

வெளிச்சம், நீர், உரம் ஆகியவற்றை விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாக இருந்தது. நேர்வெயில் படாத வெளிச்சமும், பாட்டிலில் வளர்ப்பதாயின் வாரமொருமுறை மாற்றப்படும் நீரும் போதும். பராமரிக்க மறந்தாலும் இச்செடி எளிதில் சாவதில்லை என்பதால் மேலும் விரித்துரைக்கத் தேவையில்லை.

எனவே, அடுத்து வருவோர் தயைகூர்ந்து கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே நறுக்கி எடுத்துச்செல்க. கத்தரிக்கோல் தொட்டியின் பக்கத்திலேயே உள்ளது; அது சங்கிலியால் கட்டப்பட்டுள்ளது.