குடிகார டேங்க்

என் மோட்டார்சைக்கிள் இத்தாலியில் பிறந்து, கலிபோர்னியாவில் இரண்டு பேரிடம் வாழ்க்கைப்பட்டு, பிறகு என்னிடம் வந்தது. வந்த புதிதில் இடுப்பு சிறுத்து லட்சணமாகத்தான் இருந்தது. இப்போது ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்தால், கட்டைவிரல் டேங்கில் மாட்டி நசுங்குகிறது. விரல் வளரவில்லை, டேங்க்தான் பருத்துவிட்டது.

டேங்க் தகரம் இல்லை, நைலான். துருப்பிடிக்காது, கனம் குறைவு, நினைத்த வளைவில் வார்க்கலாம். பெட்ரோல் ஆவியையும் எளிதில் கசியவிடாது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் அதற்கென்றே தனி விதி இருக்கிறது. இத்தனை ஒழுக்கமான பிள்ளைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், குடிக்கும். நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று எம்.டி.பி.இ. என்ற ரசாயனத்தை 2003 முடிவோடு கலிபோர்னியா பெட்ரோலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எத்தனாலைக் கொண்டுவந்தார்கள். மக்காச்சோளத்தில் காய்ச்சிய அசல் சாராயம், லிட்டருக்கு 100 மில்லி. போதாக்குறைக்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் அது துணைக்கு இழுத்துவரும். நைலான் இரண்டையும் உறிஞ்சிக்கொண்டு உப்புகிறது.

ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்த அப்பா, "ஏன்டா, வண்டிக்குமா வீங்கும்? உப்பைக் குறைச்சுப் பாரு" என்றார். "இங்கயுந்தான் 20 பர்சன்ட் கலக்குறாங்க. நம்ம வண்டி டேங்க் தகரம், கல்லு மாதிரி இருக்கு" என்று ஒரு குத்து வேறு.

வைத்தியம் ஒன்றுதான். குடியை நிறுத்த வேண்டும். பெட்ரோலை ஒட்ட வடித்து, பம்பைக் கழற்றி, மூடியைத் திறந்து டேங்கை ஷெட்டில் காற்றோட்டமாகக் காயப்போட்டேன். பம்பின் ரப்பர் வளையமும் அதே கோஷ்டி. கழற்றிய நேரத்தில் பெருத்துப்போய், அதற்கென்றே வெட்டிய பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்று துள்ளியது. தட்டில் போட்டு வைத்தேன்; மறுநாள் சாதுவாகச் சுருங்கி, சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. டேங்குக்கு அந்த ரோஷம் கிடையாது. வாரக்கணக்கில் பட்டினி போட்டும் பாதிதான் இறங்கியது.

மாட்டும் வைபவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்பக்கம் ரப்பரில் உட்கார்ந்துவிட்டது. பின்னால், சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட். டேங்கின் துளை வழியாகக் குனிந்து பார்த்தால் ஃபிரேமின் துளை பிறை நிலாவாகத் தெரிகிறது. பௌர்ணமி ஆனால்தான் போல்ட் இறங்கும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன். முக்கால் நிலா. சரக்குக் கட்டும் பட்டையைச் சுற்றி இறுக்கினேன். நைலான் முனகியதே தவிர நகரவில்லை.

"ஏங்க, அது உள்ள போகணுமா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று கேட்டபடி வந்த வீட்டுக்காரி, பின்பக்கமிருந்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். நிலா நிறைந்தது. ஆனால் போல்ட் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுப்பதற்குள் மறுபடி தேய்பிறை.

அப்புறம் நான் இயற்கையோடு மல்லுக்கட்டவில்லை. உருண்டை அரத்தை எடுத்து, பின்பக்கத் தாங்கியிலிருந்த வட்டத் துளையை நீள்வட்டமாக ராவினேன். போல்ட் தானாக இறங்கியது. இனி டேங்க் பெருத்தாலும் இளைத்தாலும் அந்த நீளத்துக்குள் நகர்ந்துகொள்ளும். இந்தப் பக்கத்து பெட்ரோல் பங்க்குகளில் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு நான் எங்கே போவது?

அவள் எட்டிப் பார்த்தாள். "குடியை நிறுத்தத் துப்பில்ல. வாசப்படிய அகலமாக்கி வச்சிருக்கீங்க."