பலூன் பிடித்த குழந்தைக்கு வரிசை கிடையாதா?

அனுப்புநர்:
ஒரு ரசிகன்,
வரிசையின் நடுப்பகுதி,
மேஜிக் கிங்டம், புளோரிடா.

பெறுநர்:
உயர்திரு இமேஜினியர்கள் (ரைடு வடிவமைப்பாளர்கள்) அவர்கள்,
வால்ட் டிஸ்னி இமேஜினியரிங்,
கிளெண்டேல், கலிபோர்னியா.

பொருள்: வரவிருக்கும் திரைப்பட ரைடுகள் – ரசிகர்களின் எதிர்பார்ப்பு – அளவோடு ஏமாற அனுமதி வேண்டி – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் 2019ஆம் ஆண்டு ஓவியம். 2. அதே ரைடுக்கான தங்கள் 2022ஆம் ஆண்டு ஓவியம். 3. அதே ரைடுக்கான தங்கள் 2024ஆம் ஆண்டு ஓவியம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பார்வையில் கண்ட ஓவியங்கள் யாவும் கிடைக்கப் பெற்றோம். கலிபோர்னியாவின் அவெஞ்சர்ஸ் கேம்பஸில் பெரிய ரைடு ஒன்று வரும், குவின்ஜெட்டில் ஏறி வகாண்டா போகலாம் என்று 2019இல் சொன்னீர்கள். 2022இல் பல பிரபஞ்சங்கள் வந்து சேர்ந்தன. தானோஸ் அரசராகி வந்தார். 2024இல் 'அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி டிஃபென்ஸ்' என்று பெயர் வைத்து, கூடவே டோனி ஸ்டார்க்கின் பட்டறையில் இன்னொரு ரைடும் உண்டு என்றீர்கள். ஐந்து ஆண்டில் மூன்று ரைடு பார்த்துவிட்டோம். உட்கார்ந்துதான் பார்க்கவில்லை.

தங்கள் ஓவியர்களின் திறமையில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. குறையே அந்தத் திறமைதான். எந்த ரைடாக இருந்தாலும் ஓவியத்தில் பெரும்பாலும் அந்தி நேரம். வானம் ஊதாவும் ஆரஞ்சுமாகக் கரைந்திருக்கும். விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருக்கும். ஒரு அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு எதையோ சுட்டிக்காட்டுவார். ஒரு குழந்தை பலூன் பிடித்திருக்கும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவு இடம். ஜூலை மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அதே இடத்தில் நின்றால் இடி, மழை, பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஜனம். மின்னலுக்குப் பயந்து திறந்தவெளி ரைடுகள் நிறுத்தம். அந்தக் குழந்தைக்கு மட்டும் வரிசை கிடையாதா?

வரிசையைத் தாண்டிப்போக 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒரு சீட்டை இலவசமாகக் கொடுத்தீர்கள். 2021 முதல் அந்த வசதிக்குக் காசு. 2024இல் வந்த பிரீமியர் பாஸ், கூட்டம் மிகுந்த நாட்களில் மேஜிக் கிங்டமில் ஆளுக்கு 449 டாலர் வரை போனது. நுழைவுக் கட்டணம் தனி. ஓவியத்தில் இருக்கும் குடும்பம் அதை வாங்கியவர்கள்தான் என்றால், கீழே சிறிய எழுத்தில் போட்டுவிடலாமே.

2024 ஆகஸ்டில் அனஹைமில் நடந்த தங்கள் டி23 ரசிகர் விழாவில், இனி மேடையில் சொல்வதெல்லாம் கட்டத்தான் போகிறோம், ஆகாயக் கோட்டை கிடையாது என்று உறுதி கொடுத்தீர்கள். எப்காட்டுக்கு 2019இல் அறிவித்த மேரி பாப்பின்ஸ் ரைடு தொற்றுநோய்க் காலத்தில் காணாமல் போய் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதால் அந்த உறுதிமொழிக்கு அவசியம் இருந்தது. நம்பினோம். நம்பித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அந்த மேடையில் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' கதவு கோஸ்டரை அறிவித்தீர்கள். தொழிற்சாலைக் கூரையில் கதவுகள் தொங்கிக்கொண்டு பறக்கும் காட்சியை 2001இல் பார்த்த நாளிலிருந்து நாங்கள் கேட்டு வருவது அது. துள்ளிக் குதித்தோம். இடம் எது என்று விசாரித்தால், மப்பெட்ஸ் முப்பரிமாண அரங்கம். மப்பெட்ஸை உருவாக்கி 1990இல் காலமான ஜிம் ஹென்சனின் கடைசிப் பணிகளில் ஒன்று, 1991இல் திறந்தது. துள்ளிய காலோடு மறியலுக்கு வந்தோம். 2025 ஜூனில் அதை மூடிய அன்று கண்ணீர் விட்டோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த அரங்கத்துக்குள் நாங்கள் எதற்காகப் போய்க்கொண்டிருந்தோம் என்பது தங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்: ஏசி.

டாம் சாயர் தீவும் அப்படியே. 1973 முதல் மேஜிக் கிங்டமில் இருந்த தீவை ஆற்றோடு சேர்த்து மூடிவிட்டு, 'கார்ஸ்' படத்துக்கு மலைப்பாதை போடுகிறீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறமாக அமைத்த பகுதியில் பேசும் கார்களுக்கு என்ன வேலை என்று கொதித்தோம். தெப்பம் ஏறித் தீவுக்குப் போனதுண்டா என்று எங்களைக் கேட்டுவிடாதீர்கள். நாங்கள் போகாமல் இருப்பதற்காகவாவது அது அங்கே இருக்க வேண்டும்.

ஸ்பிளாஷ் மவுண்டனைப் பற்றிச் சொன்னால் வெட்கக்கேடு. 1946ஆம் ஆண்டின் 'சாங் ஆஃப் தி சவுத்' படத்திலிருந்து வந்த ரைடு அது. கறுப்பின மக்களின் தோட்ட வாழ்க்கையைத் தேன் தடவிக் காட்டிய அந்தப் படத்தை வெளியே எடுக்கத் தாங்களே கூசுகிறீர்கள். 2023 ஜனவரியில் புளோரிடாவில் அந்த ரைடு மூடியபோது, அதன் ஓடைத் தண்ணீரைக் காசித் தீர்த்தம் போலப் பிடித்து ஈபேயில் விற்பனைக்குப் போட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான். அதே இடத்தில் 2024 ஜூன் 28 அன்று தங்கள் திரைப்பட இளவரசி டியானாவின் ரைடு திறந்தது. இயந்திரப் பொம்மைகள் அற்புதம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் படத்தின் வில்லன் டாக்டர் ஃபசிலியே எங்கே? கதை இதுதான்: மார்டி கிரா விருந்துக்கு வாத்தியக்காரர் போதவில்லை, தேடிப் போகிறோம். வாத்தியக்காரர் தேட ஐம்பதடி உயரத்திலிருந்து தண்ணீரில் விழுவானேன்?

2019இல் ஸ்டார் வார்ஸ் நிலம் திறப்பதற்கு முன் கொடுத்த வாக்கும் நினைவில் இருக்கிறது. ரைடில் நாங்கள் ஓட்டும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தை இடித்து நொறுக்கினால் சேதி ஊர் முழுக்கப் பரவும், கான்டீனாவில் பரிமாறுகிறவர் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார் என்றீர்கள். ஃபால்கனை இடிக்காத ரசிகன் கிடையாது. கான்டீனா வாசலில் கேட்பதோ, முன்பதிவு இருக்கிறதா என்பது மட்டும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு முறை எங்களைத் தோற்கடித்தீர்கள். அனிமல் கிங்டமில் 'அவதார்' நிலம் வருகிறது என்று 2011இல் அறிவித்தபோது சிரித்தோம். அந்தப் படத்தில் ஒரு பாத்திரத்தின் பெயராவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டோம். 2017 மே மாதம் திறந்தது. 'ஃப்ளைட் ஆஃப் பேசேஜ்' ரைடில் இருபுறமும் காலைப் போட்டு, முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். விளக்கு அணைகிறது. இரண்டு தொடைக்கும் நடுவில் இருக்கை மெல்ல உப்புகிறது, அமுங்குகிறது, மறுபடி உப்புகிறது. நம்மைச் சுமக்கும் பிராணி மூச்சு விடுகிறது. எந்த ஓவியத்திலும் அது இல்லை. இறங்கியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணிக்கணக்கான வரிசையின் வாலைத் தேடிப் போனார்கள். பாத்திரத்தின் பெயர் இன்றுவரை ஞாபகம் இல்லை.

எதிர்பார்க்காததால்தான் அந்த மூச்சு எங்களை ஆட்டியது. அந்த வாய்ப்பைத் தங்களுக்கு மறுபடி தரும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. தண்ணீர் மேலாண்மை வாரியத்துக்குத் தாங்கள் கொடுக்கும் அனுமதி விண்ணப்பங்களைப் பரீட்சைக்குப் படிப்பவர்களைவிட ஊன்றிப் படிக்கிறோம். வானத்திலிருந்து படம் எடுத்து எந்தத் தூண் எந்த வளைவுக்கு என்று கணக்குப் போடுகிறோம். திறந்த அன்றே ஒருவர் முழு ரைடையும் கைபேசியில் பிடித்துப் போட, உலகமே வீட்டிலிருந்தபடி ஏறி இறங்கிவிடுகிறது. பிறகு நேரில் வந்து, நினைத்த அளவுக்கு இல்லை என்கிறோம்.

தங்களுக்கும் இதில் நஷ்டம் இல்லை. ரைடு பழுதாகும். 'ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ்' ரைடில் ஏதாவது ஒன்று அசையாமல் படுத்துவிட்டால், இன்று 'பி மோட்' (பழுதானதை விட்டுவிட்டு ஓட்டும் மாற்று ஏற்பாடு) என்று நாங்கள் முணுமுணுப்போம். எதிர்பார்ப்புக்குப் பழுது கிடையாது, எண்ணெய் போட வேண்டாம், மின்னலுக்கு மூட வேண்டாம். ரைடு திறக்கும்வரை அதைக் காட்டியே விடுதி அறையும் பயணமும் விற்கலாம். எதிர்பார்ப்பை ஓட்டுகிற ஊழியர்கள் நாங்கள்; சம்பளமும் கேட்பதில்லை.

ஆகவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்:

1. இனி ஓவியங்களில் வரிசையையும் வரைய வேண்டும். மழைக்கோட்டு கட்டாயம்.

2. டைனோசர் ரைடு இருந்த இடத்தில் 2027இல் வரப்போகும் இண்டியானா ஜோன்ஸில் உருண்டு வரும் பாறை வேண்டும். கலிபோர்னியாவில் 1995 முதல் உருளும் அதே பாறையாக இருக்கக் கூடாது. வேறு பாறையாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்போம்.

3. வில்லன்கள் நிலத்துக்கு இரண்டு பெரிய ரைடுகள் என்று அறிவித்திருக்கிறீர்கள். டிஸ்னி வில்லன்கள் அனைவரும் இடம்பெற வேண்டும். ஒருவருக்கும் நேரம் குறையக் கூடாது. குழந்தைகள் பயப்படக் கூடாது. நாங்கள் பயப்பட வேண்டும்.

4. பழையது எதையும் இடிக்காமல் புதியது எல்லாவற்றையும் கட்ட வேண்டும்.

5. மேற்கண்ட நான்கும் முடியாது என்று தெரியும். இது ஒன்றையாவது செய்யுங்கள்: ஓவியத்தைச் சுமாராக வரையுங்கள். அந்தியை நீக்கிவிட்டு உச்சிவெயிலைப் போடுங்கள். பலூனில் காற்று கொஞ்சம் இறங்கியிருக்கட்டும். தோளில் இருக்கும் பிள்ளை அழட்டும். டிராகன் வரைந்தால் அது அரைகுறையாக, கோழிக்கும் பல்லிக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக இருக்கட்டும். நாங்கள் வழக்கம்போலக் கிண்டல் செய்வோம்; வாரக்கணக்கில் தங்களைத் திட்டுவோம்; யாரும் போகாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுவோம். திறப்பு நாளன்று முதல் ஆளாக வந்து நிற்போம். அப்போது உள்ளே ஏதாவது ஒன்று மூச்சு விட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள, திருப்தியற்ற,
ரசிகன்.

நகல்: யுனிவர்சல் ஆர்லாண்டோ நிர்வாகத்துக்கு – 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸைத் திறந்து எங்கள் எதிர்பார்ப்பை முன்னறிவிப்பின்றி உயர்த்தியதற்கு விளக்கம் கோரி.