அஞ்ஞாதவாசத்தில் ஒரு போன்

காசு கொடுத்து வாங்கிய போன்தான். ஆனால் அதில் கம்பனி திணித்த செயலியை அழிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் வேண்டுமென்றால் பூட்லோடரைத் திறந்து 'ரூட்' எடுக்க வேண்டும். திறந்த கணமே படம், பாட்டு எல்லாம் அழிந்துவிடும். அதையும் பொறுத்து அரசராகிவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த அப்டேட் வரும், முடி பறிபோகும்.

உடப்பில் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. திரௌபதை அம்மனுக்கு ஆடியில் தீ மிதிக்கிற ஊர். நாடிழந்து வேஷம் போட்டு ஒளிந்திருந்தவர்கள் கதை பிள்ளைகளுக்கும் தெரியும். 2016இல் வெளிவந்த மஜிஸ்க் என்ற ரூட் கருவி செய்வதும் அதேதான். வங்கிச் செயலியின் கண்ணில் படாமல் ரூட்டை மறைக்கப் பார்க்கும். அகப்பட்டால் வங்கி கதவைச் சாத்திவிடும். (உங்கள் பணத்தை உங்களிடமிருந்தே காப்பாற்றுகிறார்களாம்.)

அப்டேட்டுக்கும் ஒரு சடங்கு உண்டு. இரட்டைப் பகுதி கொண்ட போன்களில் முதலில் மஜிஸ்க்கைக் கொண்டே பழைய பூட் படிமத்தை மீட்க வேண்டும். பிறகு அப்டேட், அது சும்மா கிடக்கும் மறுபகுதியில் போய் உட்காரும். உடனே 'ரீஸ்டார்ட்' என்று போன் கெஞ்சும். அமத்தக்கூடாது! மஜிஸ்க்குக்குத் திரும்பி, அந்த மறுபகுதியிலும் அதை நிறுவிய பிறகே ரீஸ்டார்ட். முந்திக்கொண்டவர் கணினியைத் தேடி ஓட வேண்டியதுதான்.

சில தம்பிமார் கண்ட வழி சுலபம்: அப்டேட்டையே நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன. ஆட்சி மட்டும் கலையவில்லை. உள்ளே வருகிற திருடனுக்கும் அரச மரியாதை கிடைக்கும்.