வீடு தேடி வந்த கப்பல்

கோவாவின் பணஜி நகரை ஒட்டி, மாண்டோவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. பொதுச் சூதாட்டத்தைத் தடுப்பதற்காக 1976-ல் போட்ட சட்டத்தை 1996-ல் திருத்தி, கரைக்கு அப்பால் நிற்கும் கப்பலில் ஆடலாம் என்று அனுமதித்தார்கள். கரைக்கு அப்பால் என்றதும் நடுக்கடல், கொந்தளிக்கும் அலை என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஊருக்குள் ஆற்றங்கரைச் சாலையில் நின்றாலே கப்பலின் விளக்கு கண்ணைக் கூசும். தரையில் மேஜை போட்டுச் சீட்டு பிரித்தால் ஒழுக்கம் கெட்டுவிடும். அதே மேஜையைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டால் சுற்றுலா வளரும். மாண்டோவித் தண்ணீருக்கு அப்படியொரு தீர்த்த மகிமை.

அதோடு முடியவில்லை. 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் இந்தக் கசினோக்களில் ஆடக்கூடாது என்று கோவா அரசே தடை போட்டது. பெங்களூர்க்காரர் ஏறலாம், சென்னைக்காரர் ஏறலாம், சூரத் வியாபாரி தாராளமாக ஏறலாம். உள்ளூர்க்காரர் மட்டும் கூடாது. தன் பிள்ளை வாயில் வைக்கக்கூடாத பலகாரத்தை விருந்தாளிக்கு வாழையிலை போட்டுப் பரிமாறும் உபசாரம் இது. உள்ளே இருப்பது என்னவென்று அரசுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது. எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் கப்பலுக்கு ஒரு குறை இருந்தது. அங்கே போக வேண்டும். அலுவலகத்தில் லீவு சொல்ல வேண்டும், வீட்டில் பொய் சொல்ல வேண்டும், டிக்கெட் எடுக்க வேண்டும், கரையில் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், சின்னப் படகில் ஏறிப் பெரிய கப்பலுக்கு மாற வேண்டும். இத்தனை படிகளில் எந்தப் படியிலும் ஒருவனுக்குப் புத்தி வந்து திரும்பிவிடலாம். கையிலிருந்த பணம் தீர்ந்தால் இறங்கி வந்துவிடலாம். மனிதன் மனம் மாறுவதற்கு இவ்வளவு இடம் கொடுப்பது எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது.

எனவே கப்பலே வீடு தேடிப் புறப்பட்டது. மாண்டோவியில் 'டெல்டின் ராயல்' கப்பலை நடத்தும் டெல்டா கார்ப் நிறுவனம், 'அட்டா52' என்ற ஆன்லைன் போக்கர் தளத்தின் கம்பெனியை வாங்குவதாக 2016-ல் அறிவித்தது. 2022-ல் தன் ஆன்லைன் பிரிவைத் தனியாகப் பங்குச் சந்தையில் இறக்கி 550 கோடி ரூபாய் திரட்ட விண்ணப்பம் போட்டது. அமெரிக்காவில் இந்தப் பயணம் முன்பே தொடங்கிவிட்டது. நியூஜெர்சி மாநிலம் 2013 நவம்பரில் ஆன்லைன் கசினோவைத் திறந்தது. அட்லாண்டிக் சிட்டியில் கட்டடம் வைத்திருக்கும் கசினோக்களுக்குத்தான் உரிமம், கம்ப்யூட்டர் சர்வர்கூட அந்த ஊர் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று கறாரான விதி. சர்வர் ஊர் தாண்டக்கூடாது. ஆடுகிறவன் தன் குளியலறையில் உட்கார்ந்து ஆடலாம். அடுத்த வருடமே அந்த ஊரில் நான்கு கசினோக் கட்டடங்கள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கதவு சாத்தப்பட்டது கட்டடத்துக்குத்தானே தவிர சூதுக்கு அல்ல.

இப்போது ஒரு சிக்கல். கட்டடம் என்றால் வாசலில் விளக்கு எரியும், வழியில் போகிறவன் பார்ப்பான். செயலிக்கு வாசல் ஏது? ஆள் பிடித்துத் தர யாராவது வேண்டும். அந்த மகானுபாவருக்குத்தான் 'அஃபிலியேட்' என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் தரகர். அவர் ஒரு லிங்க் தருவார், ஒரு குறியீடு தருவார். அதைத் தொட்டு நீங்கள் உள்ளே போனால் உங்கள் நெற்றியில் அவர் முத்திரை விழுந்துவிடும். தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கிக்கொள்வது ஒரு வகை. அவசரக்காரர்களின் வகை அது. ஞானிகள் தேர்ந்தெடுப்பது 'ரெவின்யூ ஷேர்'. அதாவது, நீங்கள் தோற்கும் தொகையிலிருந்து கம்பெனிக்கு நிற்கும் வருமானத்தில் 25 சதவீதம், 30 சதவீதம், சில இடங்களில் 40 சதவீதம்கூட. ஒரு தடவை அல்ல, ஆயுள் முழுக்க.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். 'நம்பிக்கையான தளம் எது?' என்று நீங்கள் அவரிடம் கேட்கிறீர்கள். அவரும் பத்துத் தளங்களை வரிசைப்படுத்தி நட்சத்திரக் குறி போட்டுத் தருகிறார். நீங்கள் தோற்றால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். நீங்கள் பெரிதாக ஜெயித்துவிட்டால் அந்த மாதம் அவர் கணக்கு மைனஸில் போகும். சில ஒப்பந்தங்களில் அந்த மைனஸை அடுத்த மாதத்துக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள், 'நெகட்டிவ் கேரி ஓவர்' என்று. ஆக, உங்கள் ஆலோசகர் இரவில் படுக்கும்போது உங்கள் தோல்விக்காகச் சாமி கும்பிட்டுவிட்டுப் படுக்கிறார். வக்கீல் கட்சிக்காரன் தோற்றதற்காக ஃபீஸ் வாங்குவதில்லை, டாக்டர் நோயாளி செத்தால் போனஸ் வாங்குவதில்லை. உலகத் தொழில்களில் இதற்கு ஈடில்லை. ஸ்டாக்ஹோம் பங்குச் சந்தையில் இப்படி ஆள் பிடித்துக் கொடுக்கும் கம்பெனிகளே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதிலொன்றான பெட்டர் கலெக்டிவ், 2021-ல் அமெரிக்க விளையாட்டுச் செய்தித் தளம் ஒன்றை 24 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. செய்தி படிக்க வருகிறவனையும் விடக்கூடாதே.

பாரதத்தில் தருமனைச் சூதுக்கு அழைத்து வர அனுப்பப்பட்டவர் விதுரர். மனமில்லாமல் போனார், போன இடத்தில் 'இது கேட்டில் முடியும்' என்று தருமனிடம் உடைத்துச் சொன்னார். கமிஷன் வாங்கவில்லை. இன்றைய கணக்கில் பார்த்தால் அஸ்தினாபுரம் நியமித்த மிக மோசமான அஃபிலியேட் அவர்தான். முதல் வாரத்திலேயே ஒப்பந்தத்தை ரத்து செய்திருப்பார்கள்.

திறமையான அஃபிலியேட் எப்படி எழுதுவார் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சான்று உண்டு. கடனில் மூழ்கி, மனைவி நோயில் கிடக்க, மனம் உடைந்துபோன ஒருவர் ஆன்லைன் கசினோவில் ஜெயித்துக் கடனையெல்லாம் அடைத்தார் என்று பத்திரிகைச் செய்தி மாதிரியே ஒரு கட்டுரை உலவியது. செய்தி அல்ல, விளம்பரம். 2017-ல் அந்நாட்டின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் கண்டித்தது. சம்பந்தப்பட்ட கம்பெனிகளில் ஒன்று லாட்ப்ரோக்ஸ். பிரிட்டிஷ் கடைத்தெருக்களில் பந்தயக் கடை விரித்துத் தலைமுறை கண்ட நிறுவனம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அது அஃபிலியேட் செய்த வேலை என்பதுதான் கம்பெனிகள் தரப்பின் சமாதானம். அந்தச் சமாதானம் எடுபடவில்லை என்பது வேறு விஷயம். ஸ்கை பெட் நிறுவனம் அதே வருடம் தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடிவிட்டது.

அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்த அமைப்பே உருவாக்கப்பட்டிருக்கிறது என்பேன். 'எங்களுக்குத் தெரியாது.' கசினோவைக் கேட்டால் தரகரைக் காட்டும். தரகரைக் கேட்டால், 'நான் லிங்க்தான் போட்டேன், கழுத்தைப் பிடித்தா அழுத்தச் சொன்னேன்?' என்பார். விளம்பரத்தில் சிரிக்கும் நடிகரைக் கேட்டால் சட்டப்படி இருந்தது, நடித்தேன் என்பார். சர்வரைக் கேட்டால் அது வேறு தீவில் இருக்கும். கடைசியில் மிஞ்சுவது ஆடியவன் ஒருவன்தான். அவனுக்கும் எச்சரிக்கை கொடுத்தாயிற்று: இந்த விளையாட்டில் பண இழப்பு ஏற்படலாம், அடிமையாகலாம், பொறுப்புடன், உங்கள் சொந்தப் பொறுப்பில் விளையாடவும். இந்திய விளம்பரங்களில் இதைச் சொல்ல வேண்டும் என்று 2020 டிசம்பரில் விதி வந்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்கள்கூட, கிள்ளுவதற்கு முன்னால் பிள்ளையிடம் இப்படிக் கையெழுத்து வாங்கியதில்லை.

தமிழ்நாட்டு நியாயம் இன்னும் விசேஷம். லாட்டரிச் சீட்டை 1968-ல் அரசே விற்கத் தொடங்கி, 2003-ல் அரசே தடை செய்த ஊர் இது. அதற்கு முந்தின வருடம், 1967-ல், உச்ச நீதிமன்றம், ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எனவே அது பெரும்பாலும் திறமை விளையாட்டு என்றது. திண்ணையில் நான்கு பேர் ஜமுக்காளம் விரித்து ஆடும் ரம்மி அது. எதிரே இருப்பவன் முகம் தெரியும், அவன் எத்தனை டீ குடித்தான் என்பதுகூடத் தெரியும். அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு போய், ராத்திரி ரெண்டு மணிக்கு முகம் தெரியாத எதிரியோடு, மென்பொருள் கலைத்துப் போடும் சீட்டில், ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி கட்டணம் பிடித்துக்கொள்ளும் ரம்மிக்குப் போர்வையாகப் போர்த்திவிட்டார்கள்.

பறிகொடுத்தவர்கள் தூக்கில் தொங்கிய செய்திகள் வந்தபடி இருந்தன. 2021-ல் போட்ட தடைச் சட்டத்தை அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல், ஆன்லைன் ரம்மியை ஆராய அமைத்த நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்தது. அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. அது நான்கு மாதத்துக்கு மேல் ஆளுநர் மாளிகையில் இளைப்பாறிவிட்டு, இப்படிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்ற குறிப்போடு 2023 மார்ச்சில் திரும்பி வந்தது. சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது, நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமையே என்று உயர் நீதிமன்றம் அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடைசியில் 2025-ல் கிடைத்தது நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி. ஐந்து மணி நேரத் தூக்கம். அதற்கு எதிராகவும் கம்பெனிகள் நீதிமன்றம் போயின என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அங்கே தோற்றார்கள். அவர்கள் ஆடித் தோற்றதாக நான் அறிந்த சில ஆட்டங்களில் அது ஒன்று.

மத்திய அரசுக்கும் கோபம் வந்தது, ஆனால் பங்கு விஷயத்தில். 2023 செப்டம்பரில் டெல்டா கார்ப்புக்கும் அதன் துணை நிறுவனங்களுக்கும் சுமார் 16,800 கோடி ரூபாய் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. மேஜையில் வைத்த மொத்தப் பணத்துக்கு வரியா, கம்பெனிக்கு நின்ற வருமானத்துக்கு மட்டுமா என்பது வழக்கு. இந்த வாதத்தில் இரண்டு தரப்பும் சட்டப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தன. அந்த மேஜைக்குப் பணம் எந்தத் தாலியிலிருந்து வந்தது என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

பிறகு 2025 ஆகஸ்ட். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்று நாடாளுமன்றம் இரண்டே நாளில் சட்டம் நிறைவேற்றியது. நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை. இத்தனை வருடம் முடியாது முடியாது என்றது இரண்டு நாளில் முடிந்ததைப் பார்த்தால் சந்தோஷப்படுவதா, செத்தவர்களின் வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசிப்பதா, தெரியவில்லை. மாண்டோவிக் கப்பல்களை இந்தச் சட்டம் தொடவில்லை. அங்கே விளக்கு அணையவில்லை. தரகர்களும் பட்டினி கிடக்கவில்லை. டெலிகிராமில் ஒரு சேனலை முடக்கினால் பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறது. எங்கோ கடல் கடந்த தளத்துக்கு லிங்க், 'தலைவா, இது பக்கா, நானே எடுத்தேன்' என்று எடுத்த பணத்தின் ஸ்கிரீன்ஷாட். அதில் கட்டிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்காது.

ஆயுள் முழுக்கப் பங்கு என்றேனே, அதில் யாருடைய ஆயுள் என்று கேட்க மறந்துவிடக்கூடாது. ஆடுகிறவனுடைய ஆயுள். அவன் கயிற்றை எடுத்துவிட்டால் தரகரின் திரையில் இறந்தவன் என்று காட்டாது. அதற்கு அங்கே ஒரு கட்டம் கிடையாது. சில வாரம் பணம் கட்டாதவர்களின் வரிசைக்கு அவன் பெயர் தானாக நகரும். அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு அழைப்பு அனுப்ப மென்பொருள் தயாராக இருக்கிறது. உங்களைக் காணாமல் வருந்துகிறோம், திரும்பி வாருங்கள், 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது என்று அவன் போனுக்குச் செய்தி போகும். காரியம் முடிந்து, கடன்காரர்களுக்குப் பதில் சொல்வதற்காக அந்தப் போனை வைத்திருக்கும் அவன் மனைவி அதைத் திறந்து பார்ப்பாள். அவள் அந்த லிங்க்கை அழுத்தித் தன் பெயரைப் பதிந்தால் தரகருக்குப் புதிய வாடிக்கையாளர் ஒருவர் கணக்கில் சேருவார்.