ஊறினால் மட்டும் போதுமா?

கே: காய்ந்த பொருளை ஊறவைக்க ஹாங்காங் சமையல்காரர்களுக்கு ஒரே சொல் போதாதாமே?

ப: எப்படிப் போதும்? ஷியுங் வான் பகுதியின் கருவாட்டுக் கடைத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். அபலோன், மீனின் காற்றுப்பை, சிப்பி, காளான் எல்லாம் கட்டை மாதிரிக் காய்ந்து கிடக்கும். தண்ணீரில் போட்டு வைப்பது 'ஜாம்'. அது உப்பிப் பதமாவது 'ஃபாட்'. ஜாம் நம் வேலை, ஃபாட் அதன் வேலை. ஜாம் முடிந்தும் ஃபாட் ஆகாவிட்டால் இன்னும் அடுப்பைப் பற்றவைக்க நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

கே: காளானுக்கு வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் ஆகிவிடுமே?

ப: ஆகும். ருசியும் சீக்கிரம் போய்விடும். பச்சைத் தண்ணீரில், ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு மேலாக வடித்துக் குழம்பில் சேருங்கள். பாதி மணம் அதில்தான் இருக்கிறது.

கே: கடல் அட்டையை எப்படி மெத்தென்று ஆக்குகிறார்கள்?

ப: இங்கே மூன்றாவது சொல் வருகிறது: 'குக்'. ஊறவைத்த அட்டையைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் தண்ணீர் ஆறும்வரை விடுவதுதான் குக். காற்றே இல்லாத புழுக்க நாளுக்கும் இதே சொல்தான். பிறகு வயிற்றைக் கீறி மணலையும் குடலையும் எடுத்து, தண்ணீர் மாற்றி, மறுபடி கொதி, மறுபடி குக். நாலைந்து நாள்கூட ஆகும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, அட்டை கரைந்துவிடும் என்பார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

கே: நம் கடல் அட்டையும் அங்கே போகிறதா?

ப: இலங்கையின் வடக்கிலிருந்து, அவித்துக் காயவைத்துப் போகிறது. இந்தியாவில் 2001 முதல் பிடிக்கவே தடை. மன்னார் வளைகுடாவின் அடிமண்ணைத் தின்று துப்புரவு செய்யும் உயிர் அது. அந்தத் தடை நியாயமானது.

கே: சீனப் புத்தாண்டு வாழ்த்தில் வரும் 'ஃபாட் சோய்'க்கும் ஊறி உப்பும் 'ஃபாட்'டுக்கும் சம்பந்தம் உண்டா?

ப: அதே ஃபாட்! செல்வம் உப்பிப் பெருகட்டும் என்கிறார்கள். அதே ஓசையில் பெயர் கொண்ட, தலைமுடி போன்ற கறுத்த பாசியையும் காய்ந்த சிப்பியையும் ஊறவைத்துப் பண்டிகைக்குச் சமைப்பார்கள். சிப்பியின் பெயர் 'ஹோ சி'. 'நல்ல வியாபாரம்' என்பதும் அப்படித்தான் ஒலிக்கும். ஆனால் அந்தப் பாசியை வாரி வாரிப் புல்வெளிகள் பாலையாகின. 2000இல் சீன அரசு அதைச் சேகரிக்கவும் விற்கவும் தடை போட்டது. விருந்துக்குச் சிப்பி மட்டும் ஊறட்டும், வியாபாரம் ஒன்றும் குறையாது.