ஆவணச் செம்மல்

பில்ட் சிஸ்டத்தின் பேக்கேஜிங் ஆவணத்தைச் சீர்படுத்த வந்த செம்மல், ஆவணத்தைப் படிக்க மாட்டார். இடது பக்கத்து மெனுவை மட்டும் மேலிருந்து கீழே ஒரு முறை பார்ப்பார். "ஸ்ட்ரக்சரே இல்லையே!" என்பார். அந்த ப்ராஜெக்ட்டுக்கு அன்று பிடித்தது சனி.

சாயங்காலத்துக்குள் ஓர் இஷ்யூ திறந்திருக்கும்: 'ஆவண மறுசீரமைப்பு, கட்டம் 1'. டானியலே ப்ரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் என்றொரு முறை உண்டு. ஆவணங்களை டுடோரியல், ஹவ்-டு, ரெஃபரன்ஸ், விளக்கம் என்று நான்காகப் பிரிக்கச் சொல்கிறது. நல்ல முறைதான். படிக்க வருகிறவர் எந்த நிலைமையில், எதைத் தேடி வருகிறார் என்று யோசித்து எழுதச் சொல்வதுதான் அதன் சாரம். செம்மல் அதில் எடுத்துக்கொண்டது நான்கு ஃபோல்டர்களை.

பிறகு மாற்றல் உத்தரவுகள் பறக்கும். 'இன்ஸ்டால் செய்வது எப்படி' என்ற பக்கம் ஹவ்-டுவுக்குப் போகும். அதில் ஓர் அட்டவணை இருந்து தொலைத்ததால், அட்டவணை மட்டும் ரெஃபரன்ஸுக்கு. அட்டவணைக்கு மேலே 'ஏன் இப்படி' என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்த இரண்டு வரிகள் விளக்கத்துக்கு. ஒரே மூச்சில் படித்த பக்கம் இப்போது மூன்று ஃபோல்டர்களில் மூன்று பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் 'மேலும் பார்க்க' என்று மற்ற இரண்டுக்கும் லிங்க். பாகப்பிரிவினை முடிந்த வீடு மாதிரி, உரல் அண்ணன் வீட்டில், உலக்கை தம்பி வீட்டில்.

ஃபைல் நகர்ந்தால் பழைய யூஆர்எல் செத்துப்போகும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்களிலும் அடுத்தவர்களின் கோடு கமெண்ட்டுகளிலும் ஒட்டிக்கிடந்த லிங்க் எல்லாம் 404. "ரீடைரக்டாவது போடக் கூடாதா?" என்று கேட்டால், "அது கட்டம் 2" என்று பதில் வரும். கட்டம் 2-ஐக் கண்டவர் இல்லை.

ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் பெல் ஆய்வகத்தில் 'மேக்' என்ற பில்ட் கருவியை எழுதியபோது, கட்டளை வரி டேப்பில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார். அது அசட்டு ஏற்பாடு என்று அவருக்கே உறைத்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஃபைல்கள் உடைந்துவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டார். உலகம் இன்னமும் அந்த டேப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பத்துப் பேர் மேல் அவர் காட்டிய இரக்கத்தில் கால்வாசி செம்மலுக்கு இருந்திருந்தால் பாதி லிங்க் பிழைத்திருக்கும்.

ஜனவரி முதல் தேதி செம்மல் பதிப்புரிமை வருடத்தை மாற்றி ஒரு கமிட் போடுவார், ரீட்மீயின் தலையில் கலர் கலராய் பேட்ஜ் குத்துவார். அதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லை.

கெடுதல் பேக்கேஜிங் பக்கங்களில்தான். அவற்றைத் தேடி வருகிறவர் பேக்கேஜர். அடுத்தவர் எழுதிய லைப்ரரியை டெபியனுக்கோ ஃபெடோராவுக்கோ ஆர்ச்சுக்கோ பொட்டலம் கட்டித் தருகிறவர், பெரும்பாலும் சம்பளமில்லாமல். லைப்ரரி ஃபைலை எங்கே வைப்பது என்பது அவருடைய முதல் கவலை. 64-பிட் ஃபெடோராவில் 'லிப்64', ஆர்ச்சில் வெறும் 'லிப்', டெபியனில் 'லிப்'புக்கு உள்ளே ப்ராசஸர் பெயர் தாங்கிய இன்னொரு டைரக்டரி. சிமேக் என்ற பில்ட் கருவியில் 'க்னூஇன்ஸ்டால்டிர்ஸ்' மாட்யூலைச் சேர்த்து அது தரும் பாதையைப் பயன்படுத்தினால் தீர்ந்தது. இதை ஆவணம் முன்னாலேயே சொல்லாததால்தான் ஆளாளுக்கு 'லிப்' என்று கையால் எழுதி வைக்கிறார்கள், பேக்கேஜர் உட்கார்ந்து பேட்ச் போடுகிறார்.

அடுத்தது டெஸ்ட்டிர். ப்ரிஃபிக்ஸ் என்பது மென்பொருள் கடைசியில் குடியிருக்கப்போகும் இடம். டெஸ்ட்டிர், பொட்டலம் கட்டும்போது மட்டும் ஃபைல்களை இறக்கி வைக்கும் தற்காலிக இடம். ஆட்டோமேக், சிமேக், மெசான் என்ற மூன்று கருவிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ப்ரிஃபிக்ஸிலேயே தற்காலிகப் பாதையைக் கொடுத்தாலும் பில்ட் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் முடியும். ஆனால் பிகேஜி-கான்ஃபிக் ஃபைலுக்குள் அந்தப் பாதை பதிந்துபோகும். பயனரின் மெஷினில் அப்படியொரு டைரக்டரி இருக்காது. அங்கே தேடிவிட்டு ஹெடர் ஃபைலைக் காணோம் என்று காம்பைலர் கத்தும், வசவு பேக்கேஜர் பெயருக்கு வரும்.

இந்த வித்தியாசத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு இளைஞர் அந்த இரண்டு வரியை எழுதி, ஓட்டிப் பார்த்த உதாரணத்தையும் சேர்த்து அனுப்பினார்.

"அருமை, நன்றி! ஆனா இது ஹவ்-டுவா, விளக்கமா?" என்றார் செம்மல்.

"எங்க வேணா போடுங்க சார். உள்ள வந்தா போதும்."

"அப்படி இல்லீங்க தம்பி. முதல் வரி ஹவ்-டு. ரெண்டாவது வரியில 'ஏன்னா'ன்னு வருது பாருங்க, அது விளக்கம். ரெண்டு பிஆரா பிரிச்சு அனுப்பிடுங்களேன்."

பிரித்து அனுப்பினார். அதற்குள் இரண்டு ஃபோல்டர்களுக்கும் பெயர் மாறியிருந்தது. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்.

சோம்பேறி என்று செம்மலைச் சொல்ல முடியாது. சொந்தக் காசில் கரண்ட் பில் கட்டி, ஞாயிற்றுக்கிழமையும் உட்காருகிறவர். புதிதாக வருகிற யாரிடமும் முகம் சுளித்ததில்லை. ஆனால் இதுவரை ஒரு பேக்கேஜும் கட்டியதில்லை. ஆவணத்தில் இருக்கும் கட்டளையைத் தன் மெஷினில் ஒரே ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை. சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. போன மறுசீரமைப்பில் இடம் மாறியபோது ஓர் உதாரணத்தின் முதல் வரிக் கடைசியில் இருந்த பின்சாய்வுக்கோடு உதிர்ந்துவிட்டது. காப்பியடித்து ஒட்டினால் முதல் வரி மட்டும் தனியாக ஓடுகிறது. ப்ரிஃபிக்ஸ் இருந்த இரண்டாம் வரியை ஷெல் திட்டிவிட்டுத் தள்ளிவிடுகிறது. ஃபைல்கள் எல்லாம் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற இயல்பான இடத்துக்குப் போகின்றன; டிஸ்ட்ரோ பேக்கேஜ் எதுவும் கைவைக்கக் கூடாத இடம் அது. பக்கத்தின் தலைப்பு என்னவோ பிரமாதம், ஃபோல்டரும் சரியான ஃபோல்டர்.

இளைஞரின் இரண்டு பிஆர்களும் திறந்தபடியே கிடக்கின்றன. அவர் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போய்விட்டார். செம்மல் புதிதாக ஓர் இஷ்யூ போட்டிருக்கிறார்: 'பேக்கேஜிங் ஆவணத்துக்குப் பங்களிப்போர் குறைந்துவருவது ஏன்?' அதற்கு எந்த லேபிள் ஒட்டுவது என்று விவாதம் நடக்கிறது.